கொடுத்த காசுக்கு மான்

தஞ்சாவூரில் விடியற்காலை புறப்பட்டால், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குப் போய்க் காடு பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். வயலும் வாய்க்காலும் முடிந்து, உப்பளத்தையும் கடலையும் ஒட்டிக் கிடக்கிறது அந்தக் காடு. வெளிமான்களைக் காப்பதற்காக 1967-இல் அதைச் சரணாலயமாக்கினார்கள்.

நாங்கள் போனபோது புல்வெளியின் கோடியில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. முறுக்கிய கொம்போடு கறுத்த ஆண் ஒன்று. சுற்றிலும் பழுப்பு நிறப் பெண்மான்கள்.

"கைதட்டி விரட்டுங்களேன், துள்ளுவதைப் பார்க்கலாம். காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறோம்?" என்றார் உடன் வந்த நண்பர்.

"மேயற நேரம் ஐயா, விட்டுடுங்க" என்றார் வழிகாட்டி.

காசு கொடுத்து நாம் வாங்கியது எதை? நாடகக் கொட்டகையில் திரை தூக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நடிகன் ஒப்புக்கொண்டு வந்தவன். மான் யாரிடம் ஒப்புக்கொண்டது?

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே என்பீர்கள். அதுவும் சரியல்ல. கண்ணால் காணாத ஒன்று அழிந்தால் யார் மனம் பதறும்? போகத்தான் வேண்டும், போகிற விதத்தில் இருக்கிறது தர்மம்.

மானுக்குப் புல்வெளியும், பனிக்காலத்தில் வந்திறங்கும் பூநாரைக்கு ஆழமில்லாத உப்புநீரும் சாப்பாட்டு இலை. ஓட வைத்தால் ஒரு வேளை உணவு போயிற்று. பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்புவது பாவம் என்று எண்ணுகிற ஊர்க்காரர்கள் நாம். அந்தப் பந்தியில் மனிதர் மட்டும்தானா உட்காரலாம்?