அலமாரிக்குள் ஒரு விளக்கு

மின்சாரம் ஒரு வீட்டுக்குள் எந்த வரிசையில் நுழைந்தது என்று கவனித்தால், அந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரிந்துவிடும். முதல் விளக்கு கூடத்துக்கு. அடுத்தது வாசலுக்கு, வருகிறவர்கள் பார்க்க வேண்டும் அல்லவா? பிறகு படுக்கை அறை. அடுப்பங்கரைக்குக் கிடைத்தது புகை படிந்த ஒரு மங்கல் பல்பு. அதற்கும் உள்ளே இருந்த சாமான் அறைக்கும் சுவர் அலமாரிக்கும் அதுகூடக் கிடைக்கவில்லை. புளிப்பானை எது, பருப்பு டப்பா எது என்று பெண்கள் தடவித்தான் கண்டுபிடித்தார்கள். "என் கையிலேயே கண் இருக்கிறது" என்று பாட்டிமார்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் தேள் கொட்டியதும் அந்தக் கையைத்தானே?

இந்தக் குறை இப்போது மெல்லத் தீர்ந்து வருகிறது. கதவைத் திறந்தால் தானே எரிந்து, மூடினால் தானே அணையும் சின்ன விளக்குகளை அலமாரிக்குள் பொருத்துகிறார்கள். இதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கதவுச் சட்டத்தில் பொத்தான் மாதிரி ஒரு முளை இருக்கும். மூடிய கதவு அதை அழுத்திக்கொண்டிருக்கும் வரையில் மின்சாரம் பாயாது. கதவு விலகியதும் சுருள்வில் முளையை வெளியே தள்ளும், இணைப்புக் கூடும், விளக்கு எரியும். முளைக்குப் பதிலாகக் காந்தத்தை வைத்துச் செய்வதும் உண்டு. பழைய இழை பல்பு, வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே கக்கும். அதைப் புடவை அடுக்கின் நடுவே வைக்க யாருக்குத் துணிவு வரும்? எல்.இ.டி. விளக்கு வந்த பிறகு அந்தப் பயம் பெரிதும் குறைந்துவிட்டது. வெள்ளை வெளிச்சத்துக்கு வழி திறந்த நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வெளிச்சம் இப்போது நம் மிளகாய் வற்றல் டப்பா வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இப்படி ஒரு விளக்கு வந்த வீட்டில் குழந்தை இருந்தால் ஒரு கேள்வி கட்டாயம் பிறக்கும். "கதவை மூடின பிறகு விளக்கு அணைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?" திறந்து பார்த்தால் எரிகிறது. எத்தனை தரம் திறந்தாலும் எரியும் விளக்கைத்தான் பார்க்க முடியும். அணைந்த விளக்கைப் பார்க்கவே முடியாது. கெட்டிக்கார அப்பாவாக இருந்தால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே முளையை விரலால் அழுத்தி விளக்கை அணைத்துக் காட்டுவார். ஆனால் அதுவும் அனுமானம்தான். மூடிய அலமாரியைக் கண்ணால் கண்டது ஆகாது. நம் நையாயிகர்கள் உண்மையை அறிய நான்கு வழிகள் சொன்னார்கள். பிரத்தியட்சம், அனுமானம், உபமானம் ஆகிய மூன்றையும் சொல்லி, நான்காவதாக நம்பத் தகுந்தவரின் வாக்கையும் சேர்த்தார்கள். திறந்து பார்த்தால் கெட்டுப்போகிற உண்மைகளும் உலகில் உண்டு என்பதை அறிந்துதான் சேர்த்தார்களோ என்று எனக்குத் தோன்றுவது உண்டு.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த இருட்டு அலமாரியில் புளியும் பருப்பும் மட்டும் இருக்கவில்லை. சிறுவாடும் இருந்தது. கடுகு டப்பாவின் அடியிலும், அரிசிப் பானைக்குள்ளும், பழைய புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்த்து வைத்த பணம் அது. காய்கறிக்காரியிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்தது, அண்ணன் பொங்கல் சீராகக் கொடுத்துவிட்டுப் போனது, எருமைப் பால் விற்றது என்று துளித்துளியாகச் சேர்ந்தது. பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வரும்போது அது வெளியே வரும். மாப்பிள்ளை திடீரென்று வந்து நிற்கும்போது வரும். குடிகாரக் கணவன் வாய்த்த வீட்டில், மறுநாள் அடுப்பு எரிவதே அதனால்தான்.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 30க்குள் அவற்றை வங்கியில் கட்டிவிட வேண்டும். நாடு முழுவதும் அரிசிப் பானைகள் கவிழ்க்கப்பட்டன. கணவனுக்குத் தெரியாமல் பல வருஷங்களாகச் சேர்த்ததைப் பெண்கள் கணவன் கையிலேயே கொடுத்து மாற்றித் தரச் சொன்ன செய்திகள் அப்போது பத்திரிகைகளில் வந்தன. 2.5 லட்சம் ரூபாய் வரை கட்டுகிற குடும்பப் பெண்களைத் தொந்தரவு செய்யமாட்டோம் என்று அரசாங்கம் சொல்லிற்று. வருமான வரிக்காரர் கேட்காமல் விட்டார், வீட்டுக்காரர் விடுவாரா? "இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமலா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லையா? தம்பதிகளுக்குள் ஒளிவுமறைவு கூடாது என்றுதானே நாமும் புத்தி சொல்கிறோம்? வெளிச்சம் ஞானம், இருட்டு அஞ்ஞானம் என்றுதானே படித்திருக்கிறோம்? உண்மைதான். ஆனால் அந்தக் கணவரின் சட்டைப் பைக்குள் யாரும் விளக்கு வைக்கவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு தனக்கு என்பதை அவரே தீர்மானித்தார். அவர் எடுத்துக்கொண்டதற்குக் 'கைச்செலவு' என்று பெயர்; அவள் எடுத்து வைத்ததற்குத்தான் 'ஒளித்தது' என்று பெயர். கேட்டு வாங்க உரிமை இருந்தால் ஒளித்து வைக்க அவசியம் ஏது? பொய் சொல்ல ஆசைப்பட்டு அவள் இருட்டைத் தேடவில்லை. அந்த வீட்டில் அவளுக்கென்று விட்டிருந்த இடம் அது ஒன்றுதான். உரிமையைக் கொடுக்காமல் வெளிச்சத்தை மட்டும் கொண்டுவந்தால், அதற்குச் சோதனை என்று பெயர். அதை ஞானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருக்கோவலூர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை இரவு, ஓர் இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். மூன்று ஆழ்வார்களும் இருட்டில் நெருக்கி நின்றபோது நான்காவதாக யாரோ நெருக்குவது தெரிந்தது. பொய்கையார் ஒரு விளக்கு ஏற்றினார், பூதத்தார் ஒரு விளக்கு ஏற்றினார், பேயார் கண்டார் என்று சொல்வார்கள். பக்தர்கள் அதில் பரம்பொருளைக் காண்கிறார்கள். எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. வெளியிலிருந்து யாரும் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, 'உள்ளே யார்?' என்று அதட்டவில்லை. இருட்டில் நின்றவர்களே ஏற்றினார்கள். அதனால்தான் அந்த வெளிச்சத்தில் யாரும் கூச வேண்டியிருக்கவில்லை.

ஆகையால் அலமாரிக்கு விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அவசியம் வையுங்கள். வயதான கண்களுக்கு வேண்டும். தேளுக்குப் பயந்த விரல்களுக்கு வேண்டும். கூடத்துச் சரவிளக்குக்கு முன்னாலேயே அது வந்திருக்க வேண்டும். இந்த விளக்கில் எனக்குப் பிடித்த குணமும் ஒன்று உண்டு. அது எப்போதும் எரிந்துகொண்டு காவல் காப்பதில்லை. திறக்கிறவளுக்கு எரிகிறது, அவள் மூடினால் அணைந்துவிடுகிறது. ஆனால் யார் திறந்தாலும் அது எரியும். ஆளைப் பார்த்து எரிய அதற்குத் தெரியாது. அந்த விவேகம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இருக்க வேண்டும்.

விளக்கு வைக்கிற கணவர்கள் அதோடு இன்னொன்றும் செய்யலாம். மாதம் பிறந்ததும் வரவு செலவை மனைவியோடு உட்கார்ந்து பேசி, அவள் பங்கை அவளிடமே கொடுத்து, கணக்குக் கேட்காமல் இருக்கலாம். அப்புறம் சில மாதங்களில் கடுகு டப்பாவில் கடுகு மட்டுமே இருந்தாலும் இருக்கும். இருக்கிறதா என்று திறந்து பார்க்க மட்டும் போகக் கூடாது.