இன்று இரவு யார் முறை?

வள்ளலார் சிறு வயதிலேயே சென்னைக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்தார். அவர் வழிபட்ட கந்தகோட்டமும் பக்கத்தில்தான். அந்த வட்டாரத்தில் இன்றும், பிராட்வேயிலும் வால்டாக்ஸ் சாலையிலும், கடை ஷட்டர்கள் இறங்கிய பிறகு குடும்பங்கள் நடைபாதையில் பாய் விரிக்கின்றன. பாட்டியும் பேத்தியும் அதே நடைபாதையில் வளர்ந்த குடும்பங்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்படி வீடில்லாதவர்களை ஒரே இரவில், பிப்ரவரி 28 அன்று, தேடித் தேடி எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 லட்சத்துக்கு மேல்.

அக்டோபர் 10 உலக வீடற்றோர் நாள். அன்றைக்கு, இந்தத் தெருக்களில் இரவில் சுற்றிவந்து வீடில்லாதவர்களைக் காப்பகத்துக்குக் கூப்பிடும் களப்பணியாளர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்று எங்கள் சன்மார்க்க சங்கத்தில் பேச்சு வந்தது. பெரியவர் ஒருவர் ஒப்பவில்லை. "தொண்டு ஆண்டவருக்குச் செய்யறது. நாம நன்றி சொன்னா அது கூலி ஆயிடும்" என்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. பலன் கருதாமல் செய்வதே தொண்டு என்று கேட்டு வளர்ந்தவள்தான் நானும்.

ஆனால் வள்ளலார் ஜீவகாருண்யத்தை எங்கே தொடங்குகிறார்? புண்ணியக் கணக்கில் தொடங்கவில்லை. உயிர்கள் எல்லாம் ஒரே இறைவனால் வந்த உடன்பிறப்புகள். உடன்பிறந்தவன் துன்பப்படும்போது நெஞ்சு உருகுவது அந்த உறவினால்தான் என்கிறார். 1867 மே 23 அன்று வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிவதும் அந்த உறவின் பேரில்தான். உறவு என்று ஏற்றுக்கொண்டால் பெரியவரின் கேள்வியே மாறிவிடுகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்க, தம்பி இரவெல்லாம் கண் விழித்துப் பக்கத்தில் இருக்கிறான். அவனுக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. "நீ போய்த் தூங்கு, இன்னிக்கு நான் இருக்கேன்" என்கிறோம். அதைவிடப் பெரிய நன்றி எனக்குத் தெரியவில்லை.

களப்பணியாளர்கள் செய்வது வெறுமனே ஆட்களை வண்டியில் ஏற்றுகிற வேலை இல்லை. நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு வீடில்லாதவர்களுக்கான காப்பகம் ஒன்று என்ற அளவுகோலை உச்ச நீதிமன்றம் வகுத்ததே உணவு உரிமை வழக்கில்தான். பசியும் கூரையும் அங்கே ஒன்றாக வந்து நின்றன. ஆனால் காப்பகம் இருந்தும், கூப்பிட்டால் பலர் வருவதில்லை. ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம் என்றால் புருஷனும் பெண்டாட்டியும் எங்கே போவார்கள்? பிழைப்புக்கு இருக்கும் மூன்றுசக்கர வண்டியை யாரிடம் விட்டுப்போவது? அதைவிட, இரவில் வேன் வந்து நின்றாலே ஒரு பயம். 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. பிடித்துக்கொண்டு போகிறவர்களும் வேனில்தான் வருவார்கள். அதனால் முதல் நாள் பேர் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். மறுபடி போய்க் காய்ச்சல் குறைந்ததா என்று கேட்க வேண்டும். மனநோயோடு அலையும் பெண் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கஞ்சி ஊற்றும்போது வரிசை நகர வேண்டும் என்று அவசரப்படுவோம். யார் பேரையும் கேட்க நேரம் இருக்காது. கஞ்சி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பசி காத்திருக்காது. ஆனாலும், பேர் தெரியாமல் உடன்பிறப்பு என்று சொல்வது எப்படி?

விழாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு களப்பணியாளரிடமே கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பொட்டலம் நிறைய வருதும்மா. ஆதாருக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனு எழுதிக் குடுக்க ஆள் வேணும். ஆஸ்பத்திரியில சேர்த்தா கூட இருக்க ஆளே இல்ல. ராத்திரிக்கு யாராச்சும் வருவீங்களா?"