தராசுக்கும் முத்திரை வேண்டும்

சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக் கட்டுரைகள் தம்மைத் தாமே அளவுமீறி மேற்கோள் காட்டிக்கொள்கின்றன என்று 2023இல் ‘சயன்ஸ்’ இதழ் எழுதியது. இளநிலை மாணவர்கள் பரீட்சையில் எழுதியவையும் அவற்றுள் இருந்தனவாம். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், “மதிப்பீடு தொடங்கினால் இப்படித்தான் முடியும்” என்று விரிவுரையாளர்கள் சொல்வதுண்டு. அது ஏற்கத்தக்க வாதமல்ல. அங்கே எண்ணப்பட்டது தாள், கற்பித்தல் அல்ல. பொதுப் பணத்தில் சம்பளம் பெறும் ஆசிரியர் மதிப்பீட்டுக்கு உட்படத்தான் வேண்டும். அதில் மாணவர் சொல்லும் ஏறத்தான் வேண்டும்.

ஆசிரியரை எடைபோடுவது மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்பாரும் உளர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலேயே அதைச் செய்துவிட்டார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை, ஆகாதவருக்கும் நான்கு. அவற்றுள் மடற்பனை நமது வேலியோரம் நிற்பதுதான். பழம் தானாக விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க முடியாது. முடத்தெங்கு இன்னும் பொல்லாதது. நீர் ஊற்றி வளர்த்தவன் ஒருவன். வளவுக்கு வெளியே சாய்ந்து காய் கொடுப்பது இன்னொருவனுக்கு. பல்கலைக்கழகச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு உழைப்பைத் தனியார் வகுப்புகளில் கொட்டுகிறவரை இதைவிடத் துல்லியமாக எந்தப் படிவம் பிடிக்கும்?

தொல்காப்பியரே பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு விடை சொல்லித்தான் நூலை அரங்கேற்றினார். இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவரின்றியே கெடுவான் என்ற வள்ளுவர், விரிவுரை மண்டபத்துக்கு விலக்கு அளித்ததாகத் தெரியவில்லை.

இலங்கையில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் கால் வைப்பதே நான்கு தசமதானம் வரை கணித்த இசட் புள்ளியால். உள்ளே வந்தபின் 80 வீத வரவு இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. இவற்றையெல்லாம் நியாயமென்று நடத்துகிறவர், தன் முறை வரும்போது மட்டும் “மனித உழைப்பை எண்ணால் அளக்கலாமா?” என்று கேட்பது அழகல்ல. யாழ்ப்பாணத்து மருதனார்மடச் சந்தையில் வெங்காயம் நிறுக்கும் தராசுக்கே அரச முத்திரை கேட்கிறோம்.

மறுதரப்பில் நியாயமே இல்லை என்பதல்ல. அதே மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பெயர் தாங்கிய கலைப்பீடம் இருக்கிறது. ஒரு கமகம் சரியாக விழும்வரை மாணவியைத் திரும்பத் திரும்பப் பாடவைக்கும் ஆசிரியரின் காலைப்பொழுதுக்கு ஆய்விதழ்க் கணக்கில் புள்ளியில்லை. நம்பிப் பொறுப்புக் கொடுத்தபின் சந்தேகிப்பது ஓயாத துன்பம் என்று குறளும் எச்சரிக்கிறது. ஆனால் ஆராயாமல் நம்புவதும் அதே துன்பம் தரும் என்பது அக்குறளின் முற்பாதி. பிற்பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பது வசதியான கல்வி.

இன்றைய நடைமுறையோ வெறும் சடங்கு. அரையாண்டின் கடைசி வகுப்பில் மாணவர் கருத்துப் படிவம் நீட்டப்படுகிறது. பத்துப் பதினைந்து பேர் உள்ள வகுப்பில் எந்தக் கையெழுத்து யாருடையது என்று விரிவுரையாளருக்குத் தெரியும். விடைத்தாள் திருத்தப்போவதும் அவரே. பிள்ளைகள் ஐந்தாம் நிரலில் மேலிருந்து கீழாக ஒரே கோடு கிழித்துவிட்டு எழும்பிப் போகிறார்கள். அதற்குப் பெயர் மதிப்பீடல்ல, பயம்.

படிவத்தை வேறு துறையினர் வாங்கட்டும். விரிவுரையாளர் அவ்வேளையில் வெளியே நிற்கட்டும். பெறுபேறு வெளியான பிறகே அது அவர் கைக்குப் போகட்டும். பதவியுயர்வு விண்ணப்பத்தில் ஆய்வுக் கட்டுரைகளோடு அதையும் சேர்த்துப் பாருங்கள் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களே முன்வந்து கேட்கவேண்டும்.