நண்பர்களுக்குள் பந்தயம்

நண்பர்கள் தங்களுக்குள் கட்டும் சிறு பந்தயமும் சூதுதானா? திருமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், வற்றிய கண்மாய்க்குள் இளைஞர்கள் ஆடும் ‘பெட் மேட்ச்’ இந்தக் கேள்வியை எழுப்புகிறது. இரு அணியும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சம தொகை சேர்த்துப் பொது ஆள் ஒருவரிடம் கொடுத்துவைக்கும். ஜெயித்த அணி மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது பரோட்டாவிலும் அடுத்த ஆட்டத்துக்கான பந்திலும் கரைந்துவிடும்.

1895இல் கிளப் அமைத்துக் கொடைக்கானல் வரை ஏறிவந்த கோல்ஃபிலும் இந்தப் பழக்கம் உண்டு. அதில் பேர்பெற்றது ‘நாஸா’ (Nassau) முறை: முதல் 9 குழிக்கு ஒரு பந்தயம், பின் 9 குழிக்கு ஒன்று, மொத்தம் 18 குழிக்கும் ஒன்று. திறமை குறைந்தவருக்கு ‘ஹேண்டிகேப்’ கணக்கில் சில அடிகள் விட்டுக்கொடுப்பார்கள். யாருக்கும் வெற்றி முன்கூட்டியே உறுதியாகிவிடக் கூடாது என்பது நோக்கம்.

இத்தகைய பந்தயம் சூதா என்பதற்கு விடைகள் பல. கீழக்குயில்குடி மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களை விட்டுச்சென்ற சமணம், இல்லறத்தார் விலக்க வேண்டிய ஏழு தீப்பழக்கங்களில் சூதையே முதலில் வைக்கிறது. தொகை சிறிதென்பது அங்கே சாக்காகாது. இஸ்லாமிய அறிஞர்கள் பணம் வரும் வழியைப் பார்த்தார்கள். குதிரை ஓட்டம், அம்பெய்தல் போன்ற போட்டிகளில் வெளியாரோ, ஒரு தரப்பு மட்டுமோ பரிசு வைத்தால் ஆகும். இரு தரப்பும் பணம் வைத்து, வென்றவர் எடுத்துக்கொண்டால் அது பெரும்பாலோர் கருத்தில் மைசிர், அதாவது விலக்கப்பட்ட சூது. கோல்ஃபின் விதிகளை வகுக்கும் அமைப்புகளோ இதற்கு நேர்மாறாகச் சொல்லிவந்தன: பணம் ஆடுபவர்களின் கையிலிருந்து மட்டுமே வரவேண்டும், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும், தொகை மிகக் கூடாது. பிறர் பணம் புகுந்தால் ஆட்டம் தொழிலாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். தோற்றவரின் இழப்பு வென்றவரின் லாபமாவதே தவறு என்பது மார்க்க அறிஞர்களின் கவலை.

வள்ளுவர் இன்னும் ஆழமாகப் போகிறார். திருக்குறளின் 94ஆம் அதிகாரமான ‘சூது’ எச்சரிக்கத் தொடங்குவது தோற்றவனை அல்ல, வென்றவனை. கிடைத்த வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் முள் என்கிறார். அடுத்த குறளில் ஒன்றைப் பெற்று நூற்றை இழப்பதைச் சொல்கிறார். தொகை, வழி இரண்டையும் விட ஆசை வளரும் விதமே அவருக்கு முக்கியம். இந்தப் பார்வையே நட்புப் பந்தயத்துக்கு மிகப் பொருந்தும்.

நாஸா பந்தயத்தில் ஆபத்து நுழையும் இடம் ‘பிரஸ்’. இரண்டு குழி பின்தங்கியவர், மீதிக் குழிகளுக்கு அதே தொகையில் புதுப் பந்தயம் கட்டலாம். அதிலும் பின்தங்கினால் மறுபடி ஒன்று. விட்டதைப் பிடிக்கப் பிடிக்கத் தொகை ஏறும். தருமனை நாட்டிலிருந்து தம்பியர், தான், திரௌபதி வரை இழுத்துச்சென்றதும் இந்த அடுத்த ஆட்டம்தான். ‘இன்னொரு மேட்ச், டபுள் பெட்’ என்று கண்மாயில் எழும் குரலும் அந்த வகையே.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவின்படி, பந்தய உடன்பாட்டைச் செல்லாது என்கிறது. தோற்றவரோ, பணத்தை வைத்திருக்கும் பொது ஆளோ தராவிட்டால் வழக்குப் போட முடியாது. ஆகவே நண்பர்களின் பந்தயத்துக்குச் சொல் ஒன்றே பிணை, பணத்தோடு நட்பும் பணயமாகிறது. தொகையை ஆட்டத்துக்கு முன்பே, கூட்டத்தில் வசதி குறைந்தவரின் கைக்கு ஏற்ப முடிவுசெய்வதும், இடையில் ஏற்றாதிருப்பதும், வென்ற பணத்தை அன்றே எல்லோருக்குமாகச் செலவழிப்பதும் வள்ளுவர் சொன்ன முள்ளின் கூர்மையைக் குறைக்கும். சமணமும் இஸ்லாமும் அதையும் ஏற்பதில்லை. பரிசை வெளியார் ஒருவர் தந்துவிட்டால் மார்க்க அறிஞர்களின் தடைக்கான காரணம் நீங்கும், சமணத்துக்கோ பணயமே இல்லாத ஆட்டம்தான் வேண்டும்.