செய்யாமையும் ஒரு செயலா?

வேட்டைக்காரன் எய்த அம்பு தைத்து ஒரு மான் குற்றுயிராய்க் கிடக்கிறது. அவ்வழியே வந்த ஒருவனிடம் கத்தி இருக்கிறது. முறைப்படி அறுத்து அதனை ஹலாலாக்கும் தகுதியும் அவனுக்கு உண்டு. எனினும், 'நமக்கேன் இவ்வேலை' என்று அவன் கடந்து போய்விடுகிறான். மான் தானே செத்து எவருக்கும் பயன்படாமற் போகிறது. வேட்டைக்காரனின் நட்டத்திற்கு இவ்வழிப்போக்கன் ஈடு கொடுக்க வேண்டுமா?

அவன்தான் ஒன்றும் செய்யவில்லையே என்று வாசகர் கேட்கலாம். ஹிஜ்ரி 8-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மாலிக்கி மத்ஹபின் அறிஞர் கலீல் இப்னு இஸ்ஹாக் தமது சுருக்க நூலில், ஈடு கொடுத்தேயாக வேண்டும் என்கிறார். வயிற்றில் ஆழ்ந்த காயம் பட்டவனுக்கு அதனைத் தைக்க நூல் கொடாதவனையும், பசியால் உயிர் ஊசலாடுபவனுக்கு மிஞ்சிய உணவை ஈயாதவனையும் அதே வரிசையில் நிறுத்துகிறார். 'தர்க்' எனப்படும் விட்டுவிடுதல் ஒரு செயலாகுமா, ஆகாதா என்று உசூல் கலையோர் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். மாணவர்கள் கொட்டாவி விடும் பாடம் இது. நாமுங்கூடப் பல்லாண்டுகள் இதனை ஏட்டுச் சுரைக்காயாகவே நடத்தி வந்தோம்.

2020 ஏப்ரலில் எம்முடன் ஓதிய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பெருங்குடலில் புற்று கண்டு அறுவை முடிந்து, மூன்று வாரத்திற்கொருமுறை மருந்தேற்றிக்கொண்டிருந்தவர். இரண்டு முறை ஆகியிருந்தது. மூன்றாம் முறைக்குள் ஊரடங்கு வந்துவிட்டது. "ஹஜ்ரத், போவதா, இருப்பதா?" என்று கேட்டார். மருத்துவர் வரச் சொல்லியிருக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நாம், "கொஞ்சம் பொறுங்கள், தொற்று அடங்கட்டும்" என்றோம். அன்று அது எமக்குப் பேணுதலாகவே தோன்றிற்று.

அந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. புற்றுநோய்க்கு நாளத்தின் வழியே ஏற்றப்படும் மருந்து, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவது. எலும்பு மஜ்ஜையில் ஓயாது பிறக்கும் வெள்ளணுக்களும் அவ்வினத்தனவே. ஆதலால் மருந்தேற்றிய ஓரிரு வாரங்களில் நோயாளியின் உடல் காவலரற்ற கோட்டையாகிவிடுகிறது. 2020 பிப்ரவரியில் சீனத்திலிருந்து வந்த முதற்கணக்கும் அச்சத்தை மிகைப்படுத்தியது. தொற்றுக்குள்ளான 1,590 பேரில் புற்றுநோய் கண்டிருந்தோர் 18 பேர். அவர்களுள் நிலைமை கடுமையானோர் நூற்றுக்கு 39, ஏனையோரிலோ நூற்றுக்கு 8. பதினெட்டே பேர்! அவர்களிலும் பெரும்பாலோர் சிகிச்சையை முடித்துக் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்கள். அவ்வளவு சிறிய சான்றின்மீது எத்தனை பெரிய முடிவுகள் கட்டப்பட்டன!

அவ்வாண்டு மே மாத இறுதியில் பிரிட்டனிலிருந்து 800 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவர்களுள் 226 பேர் இறந்திருந்தனர். நால்வரில் ஒருவருக்கு மேல் என்பதால் ஆபத்து பொய்யன்று. ஆனால் மரணத்தோடு தொடர்புற்றிருந்தவை முதுமையும், ஆணாயிருத்தலும், இரத்த அழுத்தம், இதய நோய் போன்ற பிற பிணிகளுமே. இவற்றைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, முந்திய நான்கு வாரங்களுக்குள் மருந்தேற்றிக்கொண்டோர்க்கும் ஏற்றாதோர்க்கும் இடையே மரணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரத்தப் புற்றுநோயாளர் நிலை வேறு. அவர்களுக்கு ஆபத்து மிகுதி என்பதும், தடுப்பூசியால் அவர்களுட் பலர் பெற்ற எதிர்ப்பாற்றல் குறைவு என்பதும் பின்னர்த் தெளிவாயின.

தள்ளிப்போட்டதன் விலையோ மெதுவாகவே வெளிப்பட்டது. புற்றுக்கட்டியை அகற்றும் அறுவையை நான்கு வாரம் தாமதித்தால் மரண ஆபத்து நூற்றுக்கு 6 முதல் 8 வரை உயர்கிறது என்று 2020 நவம்பரில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இந்தியாவில் 41 புற்றுநோய் மருத்துவ நிலையங்களின் பதிவேடுகளை ஒப்பிட்டனர். 2019 மார்ச் முதல் மே முடிய அங்கு வந்த புதிய நோயாளிகள் 1,12,270 பேர். 2020-இல் அதே மூன்று மாதங்களில் வந்தோர் 51,760 பேரே. நோய் குறைந்துவிடவில்லை. மீதி அறுபதாயிரம் பேர் நோயோடு வீட்டில் இருந்தனர்; அல்லது வழியில் பேருந்தின்றி நின்றனர்.

இங்கேதான் அந்த மான் நினைவுக்கு வருகிறது. மருத்துவமனைக்குச் சென்றவர் அங்கே தொற்றுக்குள்ளாகி இறந்தால், அனுப்பியவர் மேல் பழி விழும். பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும், காரணமும் கண்முன் நிற்கும். போகாதே என்று தடுக்கப்பட்டவர் ஓராண்டு கழித்துத் தம் கட்டிலில் இறந்தால், அதனை விதி என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டு வருகிறோம். முன்னதில் ஒரு கை தெரிகிறது. பின்னதில் எவர் கையும் தெரிவதில்லை. கை தெரியாத இடத்தில் நிற்பதையே மனம் பேணுதல் என்று பெயரிட்டுக்கொள்கிறது.

தாமதம் யாவும் தவறென்று நாம் கூறவில்லை. மெல்ல வளரும் சில புற்றுகளுக்கு மாத்திரை கொடுத்து அறுவையைத் தள்ளிவைத்த மருத்துவர் உண்டு. நாளத்தில் ஏற்றும் மருந்துக்குப் பதிலாக வீட்டிலேயே உண்ணத்தக்க மருந்தைத் தந்தோரும் உண்டு. அவர்கள் இரு தீங்குகளையும் நிறுத்துப் பார்த்து இலேசானதைத் தேர்ந்தவர்கள். மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை ஊரடங்கிலும் சிகிச்சையைத் தொடர்ந்ததும் அத்தகைய நிறுவையின் முடிவே. நாமோ எதனையும் நிறுக்கவில்லை. ஒரு தட்டில் கொரோனாவை வைத்தோம். மறுதட்டு ஒன்று உண்டென்பதே எம் எண்ணத்தில் இல்லை.

நண்பர் பொறுத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து இருமுறை அழைத்திருக்கிறார்கள். எம் சொல்லை மதித்து, பிறகு வருவதாகச் சொல்லிவிட்டிருக்கிறார். செப்டம்பரில் சென்றபோது நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மூன்றாம் முறை மருந்து உரிய நாளில் ஏறியிருந்தால் பரவாதிருக்குமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டோம். அவர் உறுதியாக எதையும் சொல்லவில்லை. சொல்ல இயலாதென்றே கூறினார். அது எமக்கு ஆறுதல் தரவில்லை. கலீலின் வழிப்போக்கன் அறுத்திருந்தாலும் கத்தி எட்டுமுன்பே மான் செத்திருக்கக் கூடுமே என்று வாதாடலாம். ஆனால் அவன் கத்தியை எடுக்கவே இல்லை.

2021-இல் அவர் மறைவதற்குச் சில நாள் முன்பு காணச் சென்றோம். எம்மைக் குறை கூறவில்லை. "கொரோனா நம்மைத் தொடவே இல்லை, ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். நாம் மறுமொழி கூறவில்லை.

2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அந்த நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. இப்போதும் நோயாளிகள் எம்மிடம் வருகின்றனர்; போகலாமா, இன்னுஞ் சற்றுப் பொறுக்கலாமா என்று கேட்கின்றனர். நாம் கருத்துச் சொல்வதில்லை. மருத்துவர் அடுத்து வரச் சொன்ன நாள் எது என்று கேட்டு, அதனை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறோம்.