கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, புனித டேவிட் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. 1690-இல் செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் இராஜாராமின் அரசிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் கோட்டையோடு சேரும் என்பது ஒப்பந்தம். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது சுடுகிறவனின் கைத்திறமையைப் பொறுத்தது என்று கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். அதற்கேற்பவே ஆயத்தம் செய்தார்கள். முதுநகரும் சுற்றுவட்டார ஊர்களும் அந்த வீச்சுக்குள் வந்தன. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வழங்கியது. அங்கே உழுதுகொண்டிருந்தவரையும் நெய்துகொண்டிருந்தவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது சென்னைக் கோட்டையின் கவர்னர் எலிஹு யேல். 1649-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்து, சிறு பிள்ளையாக இங்கிலாந்துக்குப் போய், 1672-இல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். 1687-இல் கவர்னரானார். பதவியைச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகள் எழ, 1692-இல் கம்பெனியே அவரை நீக்கியது. 1699-இல் ஊர் திரும்பியபோது அவர் பெரும் பணக்காரர். 1718-இல் கனெக்டிகட்டில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். பொதிகளில் காலிகோ, மஸ்லின் துணிகள் இருந்தன. சரக்கு விற்று வந்தது சுமார் 560 பவுன். கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது; அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம். தவறான வழியில் சேர்ந்த செல்வத்தை நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? முந்நூறு ஆண்டு கழித்தும் இக்கேள்வி தீரவில்லை.

அவர் காலத்து வழக்கம் அப்படி, இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காலத்தின் அளவுகோலே அவருக்குச் சாதகமாக இல்லை. 1687-இல், அவர் தலைமை வகித்த கோட்டைச் சபை, ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றிச்செல்ல வேண்டும் என்று முடிவெடுத்தது. பஞ்சத்தில் அடிபட்ட கரை இது. பசித்தவர்களும் கடத்தப்பட்ட பிள்ளைகளும் கப்பலேறினார்கள். அடுத்த ஆண்டே, எதிர்ப்புக் கிளம்பியதும், அதே சபை அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதே 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் சிலர் அடிமைமுறையே தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஆக, தவறு என்று சொல்லும் குரல் அன்றும் இருந்தது. முடிவு ஒரு சபையுடையது, யேல் ஒருவருடையது மட்டுமல்ல என்பது உண்மைதான். தலைமை நாற்காலியில் இருந்தவருக்கு அதனால் பொறுப்புக் குறையாது.

அந்தக் கல்லூரியால் உலகத்துக்கு எவ்வளவு நன்மை என்பது இன்னும் வலுவான வாதம். நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தால் பிள்ளையார் குறைசொல்ல மாட்டார். கடைக்காரருக்குத் தேங்காய் திரும்பி வராது. யேலின் கொடை போய்ச் சேர்ந்தது அவரால் எதையும் இழக்காதவர்களிடம். இழந்தவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள், அவர்களுக்கு ஒரு முழம் துணியும் போகவில்லை. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் வினைத்தூய்மைக்கு வேறோர் அதிகாரமும் வைத்தார். கொடுக்கும் குணம் இருந்தால் செய்கையின் அழுக்கு தானே போய்விடும் என்று அவர் கருதியிருந்தால் இரண்டாவதற்குத் தேவையே இருந்திராது. மன்னிக்கும் உரிமை இழந்தவருக்கு மட்டுமே உண்டு. பெற்றுக்கொண்டவர் எவ்வளவு நன்றி பாராட்டினாலும் அந்த உரிமை அவர் கைக்கு மாறாது.

இப்படிப் பார்த்தால் எந்தப் பள்ளியும் சத்திரமும் மிஞ்சாது என்பார்கள். எதையும் இடிக்கவோ பெயரை அழிக்கவோ நான் கேட்கவில்லை. பெயரை எடுத்துவிட்டால் கடனும் சேர்ந்து மறந்துபோகும் என்பதே என் அச்சம். யேல் உறவினரோடு மேசையில் அமர்ந்திருக்கும் பழைய ஓவியம் ஒன்று அந்தப் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. ஓரத்தில் மதுக்குடுவையோடு ஒரு குழந்தை, கழுத்தில் உலோக வளையம், அதில் பூட்டு. 2020-இல் ஆய்வுக்காகக் கழற்றிய படத்தை மீண்டும் மாட்டினார்கள். அது சரியான முடிவு. 2024 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் தன் அடிமைமுறைத் தொடர்புக்காக மன்னிப்பும் கேட்டது. அதை மதிக்கிறேன். ஆனால் வார்த்தையோடு கடன் தீராது. கல்வியாக வெளியே போன செல்வம் கல்வியாகவே திரும்பட்டும்: இக்கரையின் கம்பெனி ஆவணங்களைத் தமிழில் கொண்டுவரவும், குண்டு கிராமத்துப் பிள்ளைகள் யேல் இருக்கும் நியூ ஹேவனில் படிக்கவும் அந்தப் பல்கலைக்கழகம் வழிசெய்யட்டும். பக்கத்தில் சிதம்பரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தக் கோரிக்கையை எழுதி அனுப்பும் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.