தண்ணீருக்கு வந்த நோய்

"மீனுக்கு மூச்சு வாங்குமா, அப்பா?" என்று என் மகள் ஒரு நாள் காலையில் கேட்டாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக் கூடத்து மூலையிலிருந்த கண்ணாடித் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டடி நீளத் தொட்டி. அதில் ஐந்து தங்கமீன்கள். ஐந்தும் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. மூன்று மாடி ஏறி வந்த கிழவரின் மார்பைப் போல அவற்றின் செவுள்கள் அடித்துக்கொண்டன.

நோய் என்று தீர்மானித்தேன். அப்படித் தீர்மானிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தெருமுனைக் கடைக்குப் போய், மீனுக்கு உடம்பு சரியில்லை, மருந்து வேண்டும் என்றேன். நீல மருந்து ஒரு புட்டி கொடுத்தார்கள். தொட்டி முழுவதும் நீலமாயிற்று. மறுநாள் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. அடுத்து மஞ்சள் மருந்து. அதற்குப் பிறகு, யாரோ சொன்னார்கள் என்று கல்லுப்பு. ஐந்தாம் நாளுக்குள் மூன்று மீன்கள் போய்விட்டன.

ஒவ்வொரு புட்டியைக் கவிழ்த்தபோதும் என் மனத்தில் ஒரு நிம்மதி உண்டாயிற்று. 'நம்மால் ஆனதைச் செய்கிறோம்' என்ற நிம்மதி. அந்த நிம்மதியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மருந்துத் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைப் பளிச்சென்று தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பினேன். நாலே நாளில் மிஞ்சிய இரண்டும் மறுபடி மேலே வந்து வாயைத் திறந்தன. மகளின் அழுகை பொறுக்காமல், ஒரு மீனைத் தண்ணீரோடு பையில் கட்டிக்கொண்டு கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். அங்கே ஒரு கடையில் இருந்த பெரியவர் முன்னால் நோயாளியையும் என் புட்டிகளையும் வைத்தேன்.

அவர் புட்டிகளைப் பார்க்கவில்லை. மீனைக்கூட அதிகம் பார்க்கவில்லை. பையிலிருந்த தண்ணீரில் கொஞ்சம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஏதோ சில சொட்டுகள் விட்டுக் குலுக்கினார். சிறிது நேரம் பொறுத்துத் தூக்கிக் காட்டினார். மஞ்சளாக நிற்கவேண்டிய தண்ணீர் கரும்பச்சையாகியிருந்தது.

"மீனுக்கு ஒண்ணுமில்லை, சார். தண்ணிக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றார்.

பிறகுதான் விசாரணை. தொட்டி வாங்கி எத்தனை நாளாயிற்று? எத்தனை மீன்? தண்ணீர் எப்போது மாற்றுவது? ஞாயிற்றுக்கிழமைதோறும் முழுத் தண்ணீரையும் கொட்டி, கூழாங்கல்லிலிருந்து வடிகட்டும் ஸ்பாஞ்சு வரை குழாயடியில் கழுவிவிடுவேன் என்று பெருமையோடு சொன்னேன்.

"அதான், சார்" என்றார் அவர்.

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஆற்றில் அது கரைந்து போய்விடும். தொட்டியில் எங்கே போவது? அதைத் தின்று ஜீவிக்கும் நுண்ணுயிர்கள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி 1890ஆம் ஆண்டு வாக்கில் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நானோ வாரந்தோறும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால் அந்தக் குடியிருப்பை அழித்துவந்தேன். போதாக்குறைக்கு, நீல மருந்துக்கும் அந்த நல்ல உயிர்களை வாட்டும் குணம் உண்டாம். மீன்கள் தங்கள் கழிவிலேயே செவுள் வெந்து தவித்தன. நான் நோய்க்கு மருந்து தேடினேன்.

பெரியவர் சொன்ன வைத்தியம் இவ்வளவுதான்: "ரெண்டு நாள் தீனி போடாதீங்க. தினம் கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துங்க. ஒரு நாள் முன்னாடியே பிடிச்சு வச்ச தண்ணியா இருக்கட்டும். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணியிலேயே அலசுங்க."

வீட்டுக்கு வந்ததும், "மருந்து வாங்கலையா, அப்பா?" என்றாள் மகள். தீனியும் கிடையாது என்றபோது அவள் என்னைப் பார்த்த பார்வை! மூன்று மீன்களைக் கொன்றபோது அவள் கண்ணுக்கு நான் நல்லவன். இரண்டைக் காப்பாற்றப் புறப்பட்டபோது கொடியவனாகிவிட்டேன்.

அந்த இரண்டும் பிழைத்துக்கொண்டன.

மருந்தே பாவம் என்று நான் சொல்லவில்லை. மீனுக்கு வெண்புள்ளி நோய் என்று ஒன்று உண்டு. உடம்பெல்லாம் உப்புத் தூவியது போலிருக்கும். மீன் அரிப்புத் தாங்காமல் கல்லில் உரசும். இது உண்மையான ஒட்டுண்ணி. 1876இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு வைத்த லத்தீன் பெயருக்கு 'பல பிள்ளைகள் பெற்ற மீன் பேன்' என்று பொருள். தோலுக்குள் இருக்கும்வரை இதை மருந்து எட்டாது. வளர்ந்து கீழே உதிர்ந்து, கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்காகப் பிளவுபடும்போதும் எட்டாது. குஞ்சுகள் கூட்டைவிட்டு மீனைத் தேடி நீந்தும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எட்டும். புள்ளி மறைந்ததும், குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறோம். புள்ளி மறைவது, பகைவன் படை திரட்டப் போயிருக்கிறான் என்பதற்கு அடையாளம். இங்கும் மருந்தைவிட அதைப் பற்றிய ஞானமே பெரிது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில், நோயை அறிவதையும் அதன் மூலத்தை அறிவதையும் முன்னே வைத்து, தணிக்கும் வழியை அதன் பிறகே சொல்கிறார். நாம் முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவதில் குதிக்கிறோம். பிறர் துன்பத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நமக்கு வேதனை. அந்த வேதனை தீர ஏதாவது செய்கிறோம். நமக்கு வேதனை தீர்ந்துவிடுகிறது. அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்கிறோம்.

உயிர் ஊசலாடும்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரியவரின் வைத்தியத்திலேயே அதற்கும் பதில் இருக்கிறது. மூலம் தெரியாத வரையில், தவறானாலும் கெடுதல் குறைவாகச் செய்வதைச் செய். கால்வாசித் தண்ணீரை மாற்று. பிறகு கேள்.

இதை நான் மீனோடு நிறுத்திக்கொண்டால் யோக்கியமாக இராது.

அப்பா காலமானபின் அம்மாவை ஊரிலிருந்து சென்னைக்கு அழைத்துவந்தேன். மூன்றாம் மாடி வீடு. வந்த சில மாதங்களில் அவள் சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. டாக்டர் மாற்றி டாக்டரிடம் காட்டினேன். ரத்தத்தில் குற்றமில்லை என்றார்கள். டானிக் வாங்கினேன், பசிக்கு மாத்திரை வாங்கினேன். ஒரு முறை அவளே, "மழை பெய்திருந்தால் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கும், இல்லையாடா?" என்று கேட்டாள். "இருக்கும் அம்மா" என்று சொல்லிவிட்டு மாத்திரையை நீட்டினேன். ஊரில் கொண்டுபோய் விட்டால், 'பெற்றவளைக் கைவிட்டான்' என்பார்களே என்ற பயம் எனக்கு. இரண்டு வருஷம் அந்த மாடியில் இருந்தாள். பிறகு போய்விட்டாள். அலமாரியைச் சுத்தம் செய்தபோது பதினோரு புட்டிகள் இருந்தன. அவ்வளவு செய்தேன் என்று அன்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

கொளத்தூர்க் கடையில் அந்தத் தண்ணீர் பச்சையானபோது, எனக்கு அந்தப் பதினோரு புட்டிகளும் நினைவுக்கு வந்தன.

அறியாமல் செய்தது எப்படிக் குற்றமாகும் என்று நண்பர்கள் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மீனுக்குத்தான் வாயில்லை. அம்மாவுக்கு இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.